அம்மாவிடம் நீயே சொல்லு, அக்கா

லீட்ஸ்
14 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, அத்தான், பிள்ளைகள் நலம்தானே. இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

நேற்று போனில் அம்மா மறுபடியும் அழுதாள். "சொந்தத்துக்குள்ள கட்டிக்கிட்டோம், அதான் உன் ரத்தத்துல வந்து நிக்குது" என்கிறாள். நான் எடுத்துச் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறான் என்று நினைக்கிறாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு.

இது பரம்பரை வியாதி இல்லை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் வியாதி, பி.என்.எச். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் ஓர் உயிரணுவில், நான் பிறந்த பிறகு எப்போதோ ஒரு ஜீன் கெட்டிருக்கிறது. அதன் வழியில் வரும் சிவப்பணுக்களுக்கு மேல் காப்பு கிடையாது. கிருமியை அழிக்க ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் அவற்றையும் சேர்த்து உடைத்துவிடும். அப்பா, அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை, நாளைக்கு என் பிள்ளைக்குப் போகப்போவதும் இல்லை.

ஊரில் எனக்குக் காலையில் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனதே, மஞ்சக்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தீர்களே, அது உடைந்த சிவப்பணுக்களின் நிறம். உடைவது நாள் முழுக்கத்தான். ராத்திரி பூரா தேங்குவதால் விடியலில் கறுப்பாகத் தெரியும். 1882இல் ஜெர்மனியில் ஒரு வண்டித் தச்சருக்கு இப்படி இருந்ததை டாக்டர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறாராம். என் அதிர்ஷ்டம், இங்கிலாந்தில் இதற்கென்று இருக்கும் இரண்டு மையங்களில் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஐஸ் பெட்டியில் மருந்து, பெயர் ராவுலிசுமாப். அந்தக் காம்ப்ளிமென்ட் புரதங்களின் வேலையைத் தடுக்கும். சோபாவில் உட்கார்ந்தபடியே கையில் ஏற்றிக்கொள்கிறேன், ஒரு மணி நேரம்கூட ஆகாது. உலகத்திலேயே விலை கூடிய மருந்துகளில் இது ஒன்று. எனக்குப் பைசா செலவில்லை. விசாவுக்கு வருஷம் 1035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியபோது "பகல் கொள்ளை" என்றாரே அத்தான், அவரிடமும் சொல்லு!

ஹீமோகுளோபின் 6.8இல் இருந்து 10.9க்கு வந்திருக்கிறது. மாடிப்படியில் பாதியில் நிற்பதில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வரை படுத்துத்தான் கிடக்கிறேன். அதை அம்மாவிடம் சொல்லாதே.

பயம் ஒன்றுதான். கிருமியை அழிக்கும் அந்தப் புரதங்களைத் தடுப்பதால், இந்த மருந்து எடுப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கிருமி சுலபமாகப் பற்றும். தடுப்பூசி போட்டிருக்கிறேன், தினமும் இரண்டு வேளை பென்சிலின். பிப்ரவரியில் காய்ச்சல் என்று ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பர்ஸில் வைத்திருக்கும் எச்சரிக்கை அட்டையை நீட்டினால், அங்கிருந்தவர் பார்க்காமலே "உட்காருங்கள்" என்றார். நான் உட்காரவில்லை. டாக்டர் வந்து அட்டையைப் படிக்கும்வரை மேஜைக்கு முன்னாலேயே நின்றேன். நம்ம வீட்டில் யாரும் இப்படி அடம்பிடித்து நீ பார்த்திருக்கமாட்டாய்.

மஜ்ஜை தருகிறேன் என்று நீ சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். முழுசாகக் குணமாக அது ஒன்றுதான் வழியாம், ஆனால் உயிருக்கே ஆபத்து உண்டு, இப்போதைக்குத் தேவையில்லை என்றார்.

அடுத்த மருந்து 20ஆம் தேதி. அதற்கடுத்தது சரியாகப் பொங்கலன்று விழுகிறது. ஒரு வாரம் முன்னே பின்னே போடலாமாம், 8ஆம் தேதியே கேட்டு வாங்கிவிட்டேன். 11ஆம் தேதி கிளம்புகிறேன். காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் போக, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி விசாரித்து வை. அட்டையின் படம் அனுப்புகிறேன்.

அம்மாவிடம் கருப்பட்டி வாங்கி வைக்கச் சொல்லு.

அன்புத் தம்பி