கோல்ஃப் தொண்டூழியர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நடைபெறும் அனைத்துலகக் கோல்ஃப் போட்டிகளில் பல ஆண்டுகளாகத் தொண்டூழியம் செய்துவரும் மூத்தோர்களுள் நானும் ஒருவன். அப்பணிக்குப் புதிதாக வருவோருக்கு அளிக்கப்படும் பயிற்சி குறித்து உங்கள் வாசகர்களிடமும், இக்கடிதம் கண்ணில் பட்டால் போட்டி ஏற்பாட்டாளர்களிடமும், சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கோல்ஃப் ஆடத் தெரிந்தவன் அல்லன். 2008ஆம் ஆண்டு தானா மேராவில் எச்எஸ்பிசி மகளிர் போட்டி முதன்முறையாக நடந்து, மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவா வெற்றி பெற்ற செய்தியைப் படித்தபோதுகூட, அது வசதி படைத்தவர்களின் ஆட்டம் என்றே எண்ணிப் பக்கத்தைப் புரட்டினேன். அப்போட்டி 2013ஆம் ஆண்டு செந்தோசாவுக்கு மாறியது. ஓய்வு பெற்ற பிறகு நண்பர் ஒருவர் அழைத்ததால், ஏதோ ஒரு போட்டிக்கு ஒருநாள் போய்ப் பார்ப்போம் என்றுதான் போனேன். ஒரு பந்தாட்டத் திடலைப் போல ஒரே பார்வையில் அடங்கிவிடாத அந்தப் பெரும் நிலப்பரப்பில், பதினெட்டுக் குழிகளிலும் (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழி வரையிலான பகுதி முழுவதையும் ‘குழி’ என்றே சொல்வார்கள்) ஒரே நேரத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, கயிற்றுக்கு இப்புறம் நிற்கும் கூட்டத்தையும் அப்புறம் நடக்கும் ஆட்டத்தையும் பிரித்துக் காப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காதவர்களே என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

பணிகள் பலவகை. வீராங்கனைகளோடு நடந்தே சென்று புள்ளிகளைக் குறிப்போர், புள்ளிப் பலகையைத் தூக்கிச் செல்லும் இளையர்கள், தண்ணீர் கொண்டு தருவோர் என்று எத்தனையோ பேர் உள்ளனர். நான் பெரும்பாலும் கூட்டத்தை அமைதிப்படுத்தும் மார்ஷலாக நின்றிருக்கிறேன். ஆட்டக்காரர் பந்தின் அருகே நிலைகொண்டதும், மார்ஷல் அவருக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை நோக்கித் திரும்பி, இரு கைகளையும் உயர்த்த வேண்டும். மட்டை பந்தில் படும் ஓசை மட்டும்தான் காதில் விழும். பந்து எங்கே போனது என்பதை எதிரே நிற்பவர்களின் விழிகள் திரும்பும் திசையிலிருந்தே ஊகித்துக்கொள்ள வேண்டும். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளுக்குப் பத்தடி தொலைவில் நின்றும் அவர்கள் அடித்த பந்துகளில் பெரும்பாலானவற்றை நான் பார்த்ததே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கைப்பேசியில் படமெடுக்கும் சிறு ஓசையும் எழாமல், இருநூறு முந்நூறு பேர் மூச்சடக்கி நிற்கும் அந்தச் சில நொடிகளுக்கு நாமும் ஒரு காரணம் என்ற நிறைவு போதுமானதாக இருந்தது.

இதைவிடக் கடினமானது, பந்து விழும் இடத்தைக் கவனித்துச் சொல்லும் ஸ்பாட்டரின் பணி. காணாமற்போன பந்தைத் தேடுவதற்கு முன்பு 5 நிமிடங்கள் இருந்தன. 2019ஆம் ஆண்டு விதிகள் திருத்தப்பட்டபோது அது 3 நிமிடங்களாகக் குறைந்தது. அதற்குள் பந்து கிடைக்காவிட்டால் ஆட்டக்காரர் ஓர் அடி அபராதத்துடன் (பந்தை ஒருமுறை கூடுதலாக அடித்ததாகக் கணக்கிட்டு) முன்பு அடித்த இடத்திற்கே திரும்பிப் போக வேண்டும். நம் நாட்டு மழையில் செழித்து வளர்ந்த புல்லுக்குள் பந்து புதைந்துவிட்டால், இரண்டு காலடி தூரத்தில் நிற்பவருக்கும் அது தெரியாது. அது விழுந்த புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து சென்று, அருகே சிறு கொடியை ஊன்றிவிடும் ஒரு தொண்டூழியரால் ஒருவருடைய நான்கு நாள் உழைப்பு காப்பாற்றப்படலாம்.

இவ்வளவு பொறுப்புள்ள பணிக்கு வருவோரை நாம் எப்படித் தயார்ப்படுத்துகிறோம்? சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு போட்டியில் (எந்தப் போட்டி என்பது இங்கே தேவையில்லை) காலையில் எங்களுக்குச் சட்டை, தொப்பி, உணவுச் சீட்டு ஆகியவற்றைக் கொடுத்து, நிற்க வேண்டிய குழியின் எண்ணைச் சொன்னதோடு சரி. என் பக்கத்தில் நின்றவர் தொழிற்கல்லூரி மாணவி. அதற்கு முன் கோல்ஃப் திடலை மிதித்தறியாதவர். நண்பகல் வேளையில் பந்து ஒன்று திசைமாறி வந்து, கயிற்றுக்கு வெளியே ஒரு மரத்தின் வேரருகே நின்றது. அந்தப் பெண் ஓடிச்சென்று அதை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, நடந்து வந்த ஆட்டக்காரரிடம் இரு கைகளாலும் நீட்டினார். பெரியவர்களிடம் ஒரு பொருளைக் கொடுக்கும்போது நம் வீடுகளில் சொல்லித் தருவார்களே, அப்படி.

அந்த ஆட்டக்காரர் கோபப்படவில்லை. புன்னகைத்தார் என்றே சொல்ல வேண்டும். வெளியார் ஒருவர் நின்றுவிட்ட பந்தை எடுத்துவிட்டால் அபராதம் கிடையாது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் அந்த இடம் வேருக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதை உறுதியாகச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. நடுவர் வந்து, எங்களை விசாரித்து, இடத்தை மதிப்பிட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்த குழுவும் காத்து நின்றது. பிறகு எங்கள் குழுத்தலைவர் அந்த மாணவியைப் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டார். மாணவி கண்ணீரை அடக்கிக்கொண்டு மாலைவரை அதே இடத்தில் நின்றார், மறுநாள் வரவில்லை. பந்தைத் தொடக்கூடாது என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவரிடம் காலையில் சொல்லியிருக்க வேண்டும். பழையவனான நானும் சொல்லவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பந்தைத் தொடுவதால் ஆட்டம் மட்டுமே தடைபடும். எச்சரிக்கத் தவறினால் விளைவு வேறு. தொழில்முறை ஆட்டக்காரர் ஓங்கி அடிக்கும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் புறப்படுகிறது. 2018ஆம் ஆண்டு பாரிஸ் அருகே நடந்த, ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் ரைடர் கிண்ணப் போட்டியில் அமெரிக்க வீரர் புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து பார்வையாளர் ஒருவரைத் தாக்கி, அவர் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். திடலில் இருந்தவர்கள் எச்சரிக்கவில்லை என்று அவர் கூறினார். பலமுறை எச்சரித்தோம் என்று ஏற்பாட்டாளர்கள் கூறினர். யார் கூற்று சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும், பந்து வலப்புறம் விலகினால் எந்தக் கையை எப்படி நீட்ட வேண்டும், எவ்வளவு உரக்கக் குரல் கொடுக்க வேண்டும் என்பதை, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூச்சப்படாமல் செய்வதற்கு, முன்கூட்டியே செய்து பழகியிருக்க வேண்டும்.

மின்னலைப் பற்றிச் சிங்கப்பூரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மின்னல் அபாயம் நெருங்கும்போது திடலில் எச்சரிக்கை ஒலி எழுப்புவார்கள். நீண்ட ஒரே ஒலி எழுந்தால் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மூன்று ஒலிகள் என்றால் தொடங்கிய குழியை முடித்துவிட்டு நிறுத்தலாம். இரண்டு குறுகிய ஒலிகள் ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு. 2012ஆம் ஆண்டு தானா மேராவில் அதே எச்எஸ்பிசி மகளிர் போட்டியின் இறுதி நாளன்று, 19 வயது வீராங்கனை ஜென்னி ஷின், மற்றவர்களைவிட ஓர் அடி குறைவாக எடுத்து முன்னிலையில் கடைசிக் குழிக்கு வந்த வேளையில் அந்த ஒலி எழுந்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆட்டம் நின்றது. திரும்பி வந்தவர் அக்குழிக்கு வகுத்த எண்ணிக்கையைவிட இரண்டு அடிகள் கூடுதலாக எடுத்தார். நால்வர் மோதிய கூடுதல் ஆட்டத்தில் ஏஞ்சலா ஸ்டான்ஃபர்ட் வென்றார். ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். மரத்தடியில் குடையை விரித்து நிற்கும் பார்வையாளர்களை, முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்திற்கு அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போக வேண்டியவர் தொண்டூழியர். அந்த ஒலிகளின் பொருள் அவருக்கே தெரியாமல் இருக்கலாமா?

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். போட்டிக்கு முந்தைய பயிற்சி நாட்களில் ஒன்றில், புதியவர்களை அவரவர் நிற்கப்போகும் குழிக்கே அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் பழக்குங்கள். ஒவ்வொரு புதியவருக்கும் அனுபவமுள்ள ஒருவரைத் துணையாக நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் மூத்தோரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நிழலுக்கு மாற்றுங்கள். களைத்த கண் பந்தைத் தவறவிடும். பந்தைத் தொடாதீர்கள் என்பதில் தொடங்கி அந்த மூவகை எச்சரிக்கை ஒலிகள் வரை, ஒரே பக்கத்தில் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிட்டு உணவுச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அதன் தமிழ் வடிவத்தை எழுதித் தரவும், முதல் நாள் காலையில் நின்று விளக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்