குழந்தை ஓடினால் எப்படிப் பிடிப்பீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் மாட்டி, கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறேன். என் கணவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர், இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். எங்கள் மகளை 2023 ஜனவரியில், எட்டு மாதக் குழந்தையாகத் தத்தெடுத்தோம். இப்போது எல்.கே.ஜி. போகிறாள்.

நாங்கள் பதிவு செய்தது 2018-ல். அவள் வரத் தாமதமானதற்குக் காத்திருப்போர் பட்டியல் ஒரு காரணம். அது எல்லோருக்கும் உள்ளதுதான், அதில் எங்களுக்குக் குறை இல்லை. அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவச் சான்றுக்குப் போன இடத்தில் டாக்டர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அறுபது சதவீதம் ஊனம்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு, நான் எப்படிம்மா ஃபிட்னு எழுதுறது?" என்று கேட்டார். அப்புறம் வீட்டு ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். காபி குடித்தார். "குழந்தை ஓடினா எப்படிப் பிடிப்பீங்க?" என்றார். நாங்கள் பதில் சொல்லத் தொடங்கும்போதே அவர் எழுதத் தொடங்கிவிட்டார். போகும்போது, "பிற்காலத்துல உங்களைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு நினைக்கிறீங்களோ?" என்று வேறு கேட்டார். அன்று ராத்திரி என் கணவர் சாப்பிடவில்லை. அறிக்கையில் 'உடல்நிலை கருதிப் பரிந்துரைக்க இயலவில்லை' என்று இருந்தது.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 57-வது பிரிவு, தத்தெடுக்கும் பெற்றோருக்கு உடல் தகுதி வேண்டும் என்கிறது. உடல் தகுதி என்றால் என்ன என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளோ உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்கின்றன. சூம்பிய காலும் தெரியாத கண்ணும் உயிருக்கு ஆபத்தான நோயா? மேல்முறையீட்டில் இதைத்தான் எழுதினோம். அதோடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் சேர்த்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கும் தத்தெடுக்கும் உரிமை உண்டு, பெற்றோரின் ஊனத்தைக் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று அதன் 23-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இந்தியா 2007-லேயே அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது.

இரண்டாவது முறை வேறொரு சமூகப் பணியாளர் வந்தார். சின்னப் பெண். வந்து உட்கார்ந்ததும், "சார், பால் கலந்து காட்டுங்க" என்றார். ஏழு வருடம் ஆகியும் அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை. என் கணவர் என் அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை. பால்பவுடர் கரண்டியை விரலால் வழித்து மட்டம் பார்த்தார், ஆறவைத்த வெந்நீரை அளவு டம்ளரில் ஊற்றிக் கலந்தார், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். காய்ச்சல் மருந்து எப்படிக் கொடுப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்துக் காட்டினார். அதன் தண்டில் 2.5 மி.லி. அளவுக்கு நேராக பிளேடால் ஒரு வெட்டு போட்டு வைத்திருந்தோம். நகத்தில் அந்த வெட்டு தட்டுகிற வரைக்கும் இழுத்தால் சரியான அளவு. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் எழுதினார்.

2022 டிசம்பரில் ஒரு நாள் காலை குறுஞ்செய்தி வந்தது. குழந்தையின் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் தத்தெடுப்புக்கான இணையப் போர்ட்டலில் இருக்கின்றன, 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். என் கணவரின் போன் எழுத்தை வாசிக்கும், போட்டோவை வாசிக்காது. நான்தான் சொன்னேன், நெற்றியில் முடி சுருண்டு கிடக்கிறது, கட்டைவிரல் வாயில் இருக்கிறது என்று. இரண்டு நாள் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

முதல் அலுவலர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் அப்போதே பதில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மகளுக்கு நிறைய மணி வைத்த கொலுசு போட்டிருக்கிறோம். சத்தம் கேட்கும் வரைக்கும் அவருக்குக் கவலை இல்லை. சத்தம் நின்றால் எதையோ வாயில் போடுகிறாள் என்று அர்த்தம், உடனே எழுந்து போய்விடுவார். தெருவில் இறங்கினால் அவர் அவளைத் தூக்கிக்கொள்வார், நான் முன்னால் நடப்பேன், என் காலிப்பர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வருவார். தத்தெடுத்த பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள். நான்கு முறையும் நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனால் எல்லோருக்கும் அந்தச் சின்னப் பெண்ணே வந்துவிட மாட்டார். வருகிறவரின் மனசைப் பொறுத்து ஒரு வீட்டுக்குக் குழந்தை வருவதும் வராமல் போவதும் நியாயம் இல்லை. ஊனம் மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது என்று விதியிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். வீட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள், வேலையைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பதும் அதில் வர வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, குழந்தையின் ஊனத்தைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரின் ஊனத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு தம்பதி, இருவருக்குமே காது கேட்காது. அந்தப் பெண்ணின் தங்கை வீடியோ காலில் அவர்கள் கைஜாடையை எனக்குச் சொல்லச் சொல்ல, அரை மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வருகிறார்கள். ராத்திரி குழந்தை அழுதால் தலையணைக்கு அடியில் அதிர்கிற கருவி ஒன்றை இப்போதே வாங்கி வைத்திருக்கிறார்கள். வருகிறவர் அதைப் போட்டுக் காட்டச் சொல்வாரா என்றுதான் அந்தப் பெண் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.