ராத்திரி 10 மணிக்கு அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க

மகாராஷ்டிராவோட ராய்காட் மாவட்டத்துல காஷித் கடற்கரை பக்கம் ரிசார்ட் நடத்துற முதலாளிங்களுக்கும் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். மும்பை தாராவியிலேர்ந்து எழுதுறேன். எந்த ரிசார்ட்னு பேர் போடல, ஏன்னா அன்னைக்கு ராத்திரி ஒரு இடத்துல மட்டும் நடந்த விஷயம் இல்ல இது, யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க அம்மா பிறந்தது திருச்செந்தூர் பக்கம். கல்யாணமாகி தாராவிக்கு வந்து 40 வருஷமாச்சு, பத்துக்குப் பத்து ரூம், கீழ எந்நேரமும் மெஷின் சத்தம். "ஒரே ஒரு ராத்திரி அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும்டா"ன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க. போன பிப்ரவரியில காசு சேத்து, மும்பை பாவுச்சா தக்கா துறையில ரோ-ரோ கப்பல் ஏறி மாண்ட்வா இறங்கி, அலிபாக், ரேவ்தண்டா தாண்டி கூட்டிட்டு வந்தேன். சாயங்காலம் சவுக்குத் தோப்புல உக்காந்து காத்துச் சத்தத்தைக் கேட்டுட்டு "நம்ம ஊர் மாதிரியே இருக்குடா"ன்னாங்க.

8 மணிக்கு டிஜே ஆரம்பிச்சுது, 1:20க்குத்தான் நின்னுச்சு. ஜன்னல் கண்ணாடி அதிருது. அம்மா பஞ்சை உருட்டி காதுல வெச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்திருந்தாங்க, "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ தூங்கு"ன்னு என்னைச் சமாதானம் வேற. ரிசப்ஷன்ல போய் கேட்டா "குரூப் புக்கிங் இருக்கு சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க". திறந்த வெளியில ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000லயே விதி வந்தாச்சு, அரசு அனுமதி குடுக்குற சில விசேஷ நாள் தவிர. அது சாதாரண சனிக்கிழமைங்க.

உங்க பின்னாடியே பன்சாட் காடு இருக்கு. ஜஞ்சிரா நவாப்புங்க வேட்டையாடுன காடு, 1986ல சரணாலயம் ஆச்சு, சிறுத்தை இருக்கு, மகாராஷ்டிராவோட மாநில விலங்கான மலையணில் இருக்கு. உங்க விளம்பரத்துல அந்தக் காட்டு போட்டோதான் முதல்ல வருது. ராத்திரியில நடமாடுற உயிருக்கு உங்க சப்-வூஃபர் என்ன பண்ணும்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?

காலையில பாத்தேன், சவுக்கு மரத்துல சீரியல் லைட்டுக்கு அடிச்ச ஆணி துருப்பிடிச்சு, பட்டை முழுக்கக் கருப்பா வழிஞ்சிருக்கு. 2020 ஜூன்ல நிசர்கா புயல் உங்க பக்கம் எவ்வளவு சவுக்கையும் பாக்குத் தோப்பையும் சாய்ச்சுதுன்னு எங்களைவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். தப்பிச்ச மரத்துலயா ஆணி அடிக்கிறது? இதே மாவட்டத்துல தெற்கால திவேஆகர், ஹரிஹரேஷ்வர் கரையில பங்குனி ஆமை முட்டையை ஊர்க்காரங்க காவல் காக்குறாங்க, வெளிச்சம் பட்டா குஞ்சு கடலை விட்டுட்டு வேற பக்கம் போயிடும். அங்க அவ்வளவு அக்கறை, இங்க கடலைப் பாத்து ஃபிளட்லைட்.

கோவத்துல எழுதிட்டே போறேன், மன்னிச்சுக்கங்க. யார் பொழப்பையும் கெடுக்கணும்னு இல்ல. ஆடட்டும் பாடட்டும், 10 மணியோட ஸ்பீக்கரை மட்டும் நிறுத்துங்க, கடல் பக்கம் இருக்குற லைட்டை அணைச்சிடுங்க. தயவுசெஞ்சு.

அம்மாவைத் திரும்ப கூட்டிட்டு வரணும்னுதான் இருக்கேன். புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்: 10 மணிக்கு நிக்குமா?