மதிப்பெண் ஏறியது சரி, எதனால் ஏறியது?

பள்ளிக்கல்வித் துறையில் புதிய கற்பித்தல் முறைகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது எனக்குப் பிடித்தே இருக்கிறது. அதன் பலனை அளக்கும் விதம்தான் உறுத்துகிறது.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மாநிலம் முழுக்க ஒரே மூச்சில் இது தொடங்கியது. கொரோனா முடிந்து பிள்ளைகள் திரும்பியிருந்த நேரம். எப்படி நடத்தினாலும் கொஞ்சம் முன்னேறியிருப்பார்கள். எல்லாப் பள்ளியும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

கொரோனா இழப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித் தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு, அப்படி ஒப்பிடும் கொடுப்பினை இருந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரிடமும் கொரோனாவுக்கு முன்பு, 2019இல், நம் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்த கணக்கு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், பிள்ளைகள் கற்றலில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. திட்ட வகுப்புக்குப் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் ஒப்பிட்டதால், அந்த மீட்சியில் சுமார் கால் பங்குதான் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்த ஒப்பீடு இல்லையென்றால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே போயிருக்கும். கால் பங்கே பெரிய விஷயம், அது வேறு.

அப்புறம், யார் அளப்பது? மத்தியப் பிரதேசத்தில் அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளை வெளியாட்கள் மறுபடி கேட்டபோது, அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண் ஏகத்துக்கும் ஊதியிருந்தது தெரிந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. பிள்ளை பத்தியைக் கடகடவென்று 'வாசிக்கும்', நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்ன?" என்றால், முதல் வரியிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேரும். மதிப்பீட்டைப் பதியும் கைபேசிச் செயலியில் 'வாசிக்கிறார்' என்று பதிய ஒரு நொடி போதும். பதிவு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான் எனும்போது, விரல் வைத்துக் கேட்க எத்தனை பேர் துணிவார்கள்?

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்த புதிய முறையை முதலாண்டில் குலுக்கலில் விழும் ஒன்றியங்களில் மட்டும் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு மறு ஆண்டு வரட்டும். தொடங்கும் முன்பே இரு பக்கமும் சோதித்து வையுங்கள். சோதிக்க அந்தப் பள்ளியோடு தொடர்பில்லாதவர்கள் வரட்டும். முடிவை வைத்து எந்த ஆசிரியரிடமும் விளக்கக் கடிதம் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். பலன் இல்லையென்று வந்தால் அதையும் எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை