எண்ணிக்கையை மட்டும் எழுதவில்லை நீ

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கன்றுகளின் எடைப் பட்டியல் வந்தது. 205 நாள் வயதில் 245 கிலோ சராசரி. இரண்டு தடவை படித்தேன், பெருமையாக இருந்தது. சினைப் பரிசோதனையும் முடிந்திருக்குமே, எத்தனை மாடு சினை பிடிக்காமல் காலி என்ற தாள் இதோடு வரவில்லை. அவசரமில்லை, எழுதும்போது எழுது.

தாய்களை எடை போட்டாயா? கன்றின் எடை தனியாக எதையும் சொல்லாது. பால் மறக்கடிக்கிற அன்றே தாயையும் தராசில் ஏற்று. பக்கத்திலேயே 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரையிலான உடல் மதிப்பெண்ணையும் குறி. ஒரு மதிப்பெண் கூடினால் 35, 40 கிலோ கூடிவிடும் என்பதால், கொழுப்பால் வந்த எடையா, எலும்பால் வந்த எடையா என்பது அப்போதுதான் தெரியும். ஐந்து வயது தாண்டியவற்றைத் தனியாக எழுது, அவைதான் முழுதாக வளர்ந்தவை.

450 கிலோ பசு 225 கிலோ கன்று கொடுத்தால் அது தன் எடையில் பாதி. 600 கிலோ பசு 245 கொடுத்தால் 41 சதவீதம்தான். தீவனத் தேவை எடைக்கு நேராக ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கில்தான் (0.75 power) ஏறும். அதனால் பெரிய பசு 33 சதவீதம் கூடுதலாகத் தின்னாது, 24 சதவீதம்தான். பெரிய மாடு வைத்திருப்பவர்கள் இதைச் சாதகமாகச் சொல்வார்கள். ஆனால் கன்று கூடியது 9 சதவீதம்தானே? 100 பெரிய பசு மேயும் புல்லில் 124 சின்னப் பசு மேயும். எல்லாம் கன்று கொடுத்தால் ஒரு பக்கம் 24,500 கிலோ, மறுபக்கம் 27,900.

எல்லாம் கன்று கொடுத்தால். அதுதான் விஷயம். சினைக்காலம் 283 நாள். வருடம் ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். புல் குறையும்போது பெரிய மாடு தன் உடம்பைக் காப்பாற்றவே எல்லாவற்றையும் செலவழித்துவிடும். பால் அதிகமுள்ள வம்சம் இன்னும் கஷ்டம். ஈரலும் குடலும் பெரிதாக இருப்பதால், பால் வற்றிய பிறகும் அவற்றுக்குத் தீனி கேட்கும். பற்றாக்குறை வந்ததும் பருவத்துக்கு வருவது நின்றுபோகும். முதலில் மாட்டிக்கொள்வது தலையீற்றுப் பசு, ஏனென்றால் அதன் உடம்பு இன்னும் வளர்கிறது. ஈனும்போது மற்றவை 5 மதிப்பெண்ணில் இருந்தால் போதும், இவை 6-ல் இருக்கட்டும்.

அந்தப் புதுப் பொலிகாளையைப் பற்றிக் கேட்டதற்கு, "வளர்ச்சி நன்றாக இருக்கிறது அப்பா" என்று மட்டும் சொன்னாய். தானியம் போட்டு வளர்த்த காளையின் ஓராண்டு எடை, புல்லில் அதன் மகள்கள் எப்படி இருப்பார்கள் என்று சொல்லாதம்மா. ஓராண்டு எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் முதிர்ந்த எடையும் பின்னாலேயே ஏறும். மூன்று தலைமுறை காளைகள் சேர்ந்து மந்தையின் 87.5 சதவீத மரபை எழுதிவிடுகின்றன. காளையின் தாயைப் பார்த்தாயா? புல்லிலேயே இருந்து, பத்து வயதிலும் ஒரு கன்றுகூடத் தவறாத தாயா? ஒரு வயதில் விதைப்பைச் சுற்றளவு 34 செ.மீ. இருந்ததா? அது பெரிதாக இருந்தால் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வர வாய்ப்பு அதிகம். உயரமான இளங்காளைகள் 24 மாதத்திலும் எலும்பு வளர்த்துக்கொண்டேதான் இருக்கும். விற்கும் அளவுக்குக் கொழுப்புப் படிவதற்குள் புல் காய்ந்துவிடும்.

இதையெல்லாம் உன்னிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. அந்த மந்தையின் உயரம் என் கையால் வந்தது. ஒவ்வொரு வருடமும் கிடேரிகளில் உயரமானதைத்தான் நிறுத்தினேன். உயரம் 40 சதவீதத்துக்கு மேல் மரபில் இறங்கும், சினை பிடிக்கும் குணம் 10 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் நான் பார்த்தது வேகமாக வந்தது, பார்க்காமல் விட்டது தெரியாமல் போனது. காலியாக நின்ற மாடுகளைக் கழிக்கவும் இல்லை. அடுத்த வருடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். உனக்குக் கொடுத்த நோட்டு அதுதான்.

அதற்காக ஒரேயடியாகக் குட்டைக்குப் போய்விடாதே. 1940, 50களில் அமெரிக்காவில் ஹெர்ஃபோர்டு மாடுகளைக் கட்டை குட்டையாகவே தேர்ந்தெடுத்ததில், மறைந்திருந்த மரபணு இருபக்கமும் சேர்ந்து குள்ளக் கன்றுகள் பிறந்தன. மாட்டின் உயரத்தை வைத்துப் போடும் சட்ட அளவு (frame score) ஒன்று கூடினால் இடுப்பு உயரம் 5 செ.மீ. கூடும், அளவு 4-ஐ ஒட்டிய காளையைப் பார். வேறு இனமாக இருந்தால் இன்னும் நல்லது. மரபில் குறைவாக இறங்கும் சினைத்திறனுக்குத்தான், இரண்டு இனம் கலப்பதால் வரும் கலப்பின வீரியம் அதிகம் கைகொடுக்கும். கிடேரிகளைத் தேவைக்கு மேல் நிறுத்து. முதிர்ந்த எடையில் 55 சதவீதம் வந்ததும் 45 நாள் மட்டும் காளையோடு விடு. சினை நின்றதை வைத்துக்கொள், மற்றதை விற்றுவிடு. எது தன் புல்லுக்குப் பொருந்துகிறது என்பதை அவையே சொல்லும்.

தாய்களை எடை போடு. எண்ணிக்கையை வயது வாரியாகப் பிரித்து எழுது. தலையீற்றில் எத்தனை காலி, இரண்டாம் ஈற்றில் எத்தனை, முதிர்ந்ததில் எத்தனை. இளையவை மட்டும் காலி என்றால் தீனியைப் பார்க்கலாம், எல்லா வயதிலும் காலி என்றால் முதலில் காளையைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு இருந்தாலும் எழுது கண்ணு.

இப்படிக்கு,
அப்பா