பாய்மரக் கப்பல் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பாய்மரக் கப்பல் ஏதாவது நம் நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தால், அது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் படமும் செய்தியும் கண்ணில் படுகின்றன. எத்தனை நாள் நிற்கும், பொதுமக்களை ஏற விடுவார்களா, எங்கே பதிவு செய்ய வேண்டும் என்ற விவரம் முன்னாடியே தெரிந்தால் புறப்பட்டுப் போக ஆள் இருக்கிறோம். கண்மாயும் பொட்டலுமாகக் கிடக்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கப்பலில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

2024 நவம்பர் கடைசியில் இத்தாலியக் கடற்படையின் 'அமெரிகோ வெஸ்புச்சி' மும்பைக்கு வந்தது. அப்போது நான் அங்கே மகன் வீட்டில் தங்கியிருந்ததால் ஏறிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 1931-ல் கடலில் இறக்கிய கப்பல். நூறு மீட்டருக்கு மேல் நீளம், மூன்று பாய்மரங்கள், 26 பாய்கள். இன்றைக்கும் இளம் அதிகாரிகளுக்கு அதில்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். உடம்பு இரும்பு என்றாலும் மேல்தளம் தேக்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே, தண்ணீர் கீழே இறங்காமல் அடைத்த கறுப்புக் கோடு நூல் பிடித்தாற்போல ஓடுகிறது. குனிந்து தொட்டால் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நிற்கும் தேக்குத் தூணைத் தொட்ட மாதிரியே இருந்தது. ஓரத்தில் வரிசையாக முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு கயிற்றை எட்டுப் போட்டுச் சுற்றி, மிச்சத்தைச் சுருளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எந்தக் கயிறு எந்தப் பாயினுடையது என்பதை இருட்டிலும் கைத்தடவலிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஓர் இளம் மாலுமி சொன்னார். அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாமாம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் பாயை விரித்து வைக்க மாட்டார்கள், பருமலோடு, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையோடு, சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். விரித்து வைத்தால் காற்றுப் பிடித்துக் கப்பல் கட்டிய இடத்தில் நிற்காது. படத்தில் பார்த்தது போல இல்லையே என்று அங்கே சிலர் முகம் வாடியது. ஆனால் எவ்வளவு கயிறு, எவ்வளவு முடிச்சு, எத்தனை பேர் மேலே ஏறினால் ஒரு பாய் இறங்கும் என்பதெல்லாம் நிற்கிற கப்பலில்தான் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

இனி எங்கள் அக்கறைக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்கு கடல் வழியாக வந்தது. கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்யப் போனவர்களும் கடல் வழியாகத்தான் போனார்கள். இலங்கைக்கும் பினாங்குக்கும் முதலில் போனவர்களுக்குப் பாய்க்கப்பல்தான் கதி, நீராவிக் கப்பலெல்லாம் அப்புறம் வந்தது. என் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் பையனாக, பினாங்கில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிக்குப் போனது 'ரஜுலா' என்ற நீராவிக் கப்பலில். 1926-ல் கட்டி, 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. நாகப்பட்டினத்தில் கரையை ஒட்டி வராமல் தள்ளி நிற்குமாம், படகில் போய் ஏற வேண்டுமாம். பெட்டகசாலையில் அவருடைய டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் வீட்டில் இன்றைய பிள்ளைகளில் ஒருவர்கூடக் கப்பலில் கால் வைத்ததில்லை.

அவர்கள் பார்க்க வெளிநாட்டுக் கப்பல்தான் வர வேண்டும் என்றில்லை. நம் கடற்படையிடமே கொச்சியில் இரண்டு பாய்மரப் பயிற்சிக் கப்பல்கள் இருக்கின்றன. 1997-ல் சேர்ந்த 'தரங்கிணி' 2003-04-ல் உலகத்தையே சுற்றி வந்தது. 2012-ல் சேர்ந்த 'சுதர்ஷிணி' அடுத்த வருஷத்துக்குள் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குப் போய் வந்தது. நம் முன்னோர் போன அதே திசை! போதாததற்கு இப்போது 'கௌண்டின்யா' வேறு வந்திருக்கிறது. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் கப்பலைப் பார்த்து, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தே கட்டியது. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். அந்த வருஷக் கடைசியில் போர்பந்தரில் புறப்பட்டு மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டது. மேற்கே போன கப்பல் ஒரு தடவையாவது கிழக்குக் கரைக்கும் வர வேண்டும். தூத்துக்குடியில் நான்கு நாள் நின்றால் போதும், எங்கள் ஊரிலிருந்து விடிகாலை வேன் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம்.

தூத்துக்குடி என்றதும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலமான தோணி ஞாபகம் வருகிறது. பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்த தோணிகள் எல்லாம் இன்ஜினுக்கு மாறிவிட்டன. பாயோடு ஒரே ஒரு தோணியையாவது ஓடாவிகளின், அதாவது மரக்கலம் கட்டும் தச்சர்களின் கைவேலை தெரிகிற மாதிரிச் செப்பனிட்டு, ஜனங்கள் ஏறிப் பார்க்க நிறுத்தி வைக்கக் கூடாதா? இலங்கையின் வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய 'அன்னபூரணி' 1938-ல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனது. தமிழன் கட்டிய கப்பலை அந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், நம் பிள்ளைகள் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

மாதம் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 4 கடற்படை நாள் என்பதால் அதையொட்டிக் கப்பல்களைப் பார்வைக்குத் திறக்கிறார்கள். நம் கரையில் அது அடைமழையும் புயலுமாக இருக்கும் நேரம். தை பிறந்து பரீட்சை தொடங்குவதற்குள் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் வர முடியும். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அந்த மாணவர்களையே வழிகாட்டிகளாக நிறுத்தினால் கயிற்றையும் பருமலையும் தமிழிலேயே விளக்கிச் சொல்வார்கள். ஏணிப்படி செங்குத்தாக இருப்பதால் வயதானவர்களுக்கு ஒரு கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டும். துறைமுகங்களில் விசாரித்து, வரப்போகும் கப்பல்களின் விவரத்தை மாதம் ஒரு முறை நீங்கள் வெளியிட்டால், எங்கள் தெருவில் வேனுக்குப் பெயர் சேர்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை