பாஸ்கருக்கு விழுந்த மண்டகப்படி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாஸ்கர் தறிகளை விற்றுவிட்டான். நூல் வாங்கிய கடன் கழுத்தை நெரித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போனேன். காலியான கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். சுவரெல்லாம் இன்னும் பஞ்சுத் தூசு. சுற்றிலும் பெரிய மாமா, சித்தப்பா, நம்ம நெட்டை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான். "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்று மாமா ஆரம்பித்தார். அவர் விட்ட இடத்தில் சித்தப்பா பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓயவில்லை. பாஸ்கர் தலை நிமிராமல் கைலி ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தான்.

ஊரிசுக் கல்லூரியில் இங்கிலீஷ் சார் சொல்வாரே, 'ஜோபேஷன்', ஞாபகம் இருக்கிறதா? கேட்பவனுக்கு அலுத்துப்போகும்வரை நீட்டி நீட்டித் திட்டுவது. 17ஆம் நூற்றாண்டு வார்த்தை, இப்போது இங்கிலாந்திலேயே அபூர்வம். பைபிளில் வரும் யோபுவின் (இங்கிலீஷில் ஜோப்) பெயரிலிருந்து வந்தது. யோபு யாரையும் திட்டியவர் இல்லை, வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிள்ளைகளும் சொத்தும் போய், உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்தவரைத் தேற்ற எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் இராப்பகலாகக் கூடவே தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அப்புறம் பிடித்துக்கொண்டார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா? கடைசியில் கடவுளுக்கே அவர்கள்மேல்தான் கோபம் வந்தது.

நாமும் அர்ச்சனை, மண்டகப்படி என்று கோயிலிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். ஆனால் அதெல்லாம் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஜோபேஷனில் அடிபட்டவன் பெயரே நிற்கிறது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நூல் விலை ஏறியதற்கு பாஸ்கர் என்ன செய்வான், சொல். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறாள் அவன் மனைவி. எனக்குப் பயமாக இருக்கிறது, சேகர்.

தீபாவளி வரை தள்ளாதே, இந்த வாரமே வா. ஹாஸ்டலில் எல்லாரையும் அழவைத்த வாய் உனக்கு. இங்கே வந்து கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஆரம்பிக்காதே. வரும் வழியில் ஆற்காட்டில் இறங்கி மக்கன்பேடா வாங்கு, அவனுக்கு அதுதான் உயிர். சீட்டுக்கட்டு நான் எடுத்து வருகிறேன். எந்த பஸ் என்று சொன்னால் வண்டியோடு நிற்பேன்.

உன்,
மணி